ஐந்து வரியில் ஒரு புலவர்

பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் செய்யுளுக்கு மேலேயோ கீழேயோ ஒரு சிறிய பகுதி இருக்கும்: ஆசிரியர் குறிப்பு. புலவர் பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த காலம், ஆதரித்த வள்ளல், இயற்றிய நூல்கள். ஐந்து வரி, மிஞ்சினால் எட்டு வரி. பரீட்சைக்கு முதல் நாள் இரவு பிள்ளைகள் வாய்விட்டு மனப்பாடம் பண்ணுவதும் அதைத்தான். தமிழ் தோன்றிய நாள் முதல் அந்தக் குறிப்பும் கூடவே இருந்தது போல நமக்குத் தோன்றும். ஆனால் அதற்கு ஒரு பிறந்த வருடம் உண்டு என்றே நான் நினைக்கிறேன்: 1859. அச்சேறிய இடம் யாழ்ப்பாணம். எழுதியது சிலாபத்து நீதிமன்றத்தில் தீர்ப்பெழுதிய கை.

அந்தக் கைக்குரியவர் சைமன் காசிச்செட்டி. 1807 இல் கற்பிட்டியில் பிறந்தவர். கொழும்புச் செட்டிமார் சமூகத்தவர். இளவயதிலேயே அரசாங்க சேவையில் புகுந்து புத்தளத்தில் மணியகாரராகவும் பிறகு முதலியாராகவும் இருந்தார். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் அமர்ந்தார். அதன் பின் சிவில் சேவைக்குள் எடுக்கப்பட்ட முதல் இலங்கையர்களில் ஒருவராகி, சிலாபத்தில் மாவட்ட நீதிபதியானார். அவர் எழுதிய 'தமிழ் புளூட்டாக்' என்ற ஆங்கில நூலை யாழ்ப்பாணத்து ரிப்ளி அண்ட் ஸ்ட்ரோங் அச்சகத்தார் 1859 இல் வெளியிட்டார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த ஆண், பெண் புலவர்களின் வரலாற்றுச் சுருக்கம் என்று அதன் முகப்பிலேயே போட்டிருந்தது. இருநூறுக்கு மேற்பட்ட புலவர்கள் அதில் இருக்கிறார்கள். மறு வருடம், 1860 இல், காசிச்செட்டி காலமானார்.

அதற்கு முன் தமிழில் புலவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லும் வழக்கமே கிடையாதா என்றால், ஒன்று இருந்தது. நூலின் தலைவாசலில் நிற்கும் சிறப்புப் பாயிரம். நூலைச் செய்தவர் பெயர் என்ன, எந்த நூலின் வழியில் செய்தார், அது வழங்கும் நிலத்தின் எல்லை எது, நூலின் பெயர் என்ன, எந்த யாப்பில் அமைந்தது, எதைப் பற்றிப் பேசுகிறது, யார் கேட்பதற்கு உரியவர், கேட்டால் என்ன பயன் என்று எட்டுச் செய்திகளையும் அது சொல்லியாக வேண்டும் என்று இலக்கணமே விதித்திருக்கிறது. பிற்பாடு காலம், களம், காரணம் என்று மூன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். எழுதும் பரப்போ விரலளவு அகலமுள்ள பனையோலை. எழுத்தாணி அழுந்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்க மாட்டார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடமாட்டார்கள். புள்ளியையே விட்டுக்கொடுத்த ஊடகத்தில் பதினொரு செய்தியை ஒரு செய்யுளுக்குள் அடைத்த திறமை அது.

ஆனால் அந்த எட்டையும் பதினொன்றையும் திரும்பப் படித்துப் பாருங்கள். அத்தனையும் நூலைப் பற்றியவை. ஆள் அங்கே பெயராக மட்டுமே நிற்கிறார். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம் வேங்கடத்தையும் குமரியையும் எல்லையாகச் சொல்கிறது. பாண்டியன் அவையைச் சொல்கிறது. அரங்கேற்றம் கேட்ட அதங்கோட்டாசானையும் சொல்கிறது. தொல்காப்பியர் எந்த ஊரில் பிறந்தார், யார் பெற்ற பிள்ளை என்று ஒரு சொல் கிடையாது. அந்தக் கேள்வி எழவே இல்லை. புலவரின் வாழ்க்கை வேறொரு வழியில், தனிப்பாடல்களோடு ஒட்டிக்கொண்டு வாய்மொழியாக வந்தது. இன்ன சத்திரத்தில் சோறு தாமதமானபோது பாடியது, இன்ன அரசன் முகங்கொடுக்காதபோது பாடியது என்று பாட்டுக்கு முன்னால் ஒரு கதை. சொல்லும் வாய்க்கு வாய் கதை வளரும். பாட்டு அப்படியே இருக்கும்.

காசிச்செட்டி இந்த இரண்டையும் எடுத்து ஒன்றாக்கினார். பாயிரத்திலிருந்து கணக்குச் சொல்லும் ஒழுங்கு, தனிப்பாடலிலிருந்து ஆள். அவருக்கு முன்னும் ஒருவர் உண்டு: 1829 இல் கல்கத்தாவில் காவலி வெங்கட ராமசாமி தக்காணத்துக் கவிஞர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் போட்டிருந்தார். பல மொழிக் கவிஞர்களுக்கும் அதில் இடம். ஆனால் தமிழ்ப் புலவருக்கென்றே இவ்வளவு பேரை ஒரே வரிசையில் நிறுத்தியவர் காசிச்செட்டிதான்.

அவருக்கு இந்த வேலை எப்படிக் கைவந்தது என்பதற்கு விடை 25 வருடம் முந்திய இன்னொரு நூலில் இருக்கிறது. 1834 இல், 27 வயதில், அவர் 'சிலோன் கசற்றியர்' என்ற நூலைக் கோட்டை மிசன் அச்சகத்தில் அச்சிட்டார். இலங்கையின் மாவட்டம், பட்டினம், கிராமம், துறைமுகம், ஆறு, குளம் எல்லாவற்றையும் எழுத்து வரிசையில் வைத்த நூல். அப்படி ஒன்று இந்தத் தீவுக்கு அதற்கு முன் இருந்ததில்லை. ஒரு மணியகாரர், கச்சேரிக்கு அறிக்கை எழுதி எழுதிப் பழகிய கையோடு, ஒவ்வோர் ஊருக்கும் இவ்வளவுதான் இடம் என்று அளந்துகொண்டு எழுதியது. ஊர் எங்கே இருக்கிறது, அடுத்த ஊர் எவ்வளவு தூரம், யார் வாழ்கிறார்கள், என்ன விளைகிறது, பழைய கோயிலோ கோட்டையோ உண்டா? பிறகு அடுத்த ஊர். அதே சட்டத்தில் ஊருக்குப் பதில் புலவரை வைத்தால் 'தமிழ் புளூட்டாக்' வந்துவிடுகிறது. ஊரைக் குறித்த கைதான் புலவரையும் குறித்தது.

அதோடு நீதிமன்றமும் சேர்ந்துகொண்டது. சாட்சி தமிழிலோ சிங்களத்திலோ சொல்ல, முதலியார் மொழிபெயர்க்க, நீதிபதி ஆங்கிலத்தில் தன் கையால் எழுதிக்கொள்வதே அக்கால நடைமுறை. கூண்டில் நிற்பவர் காணிச் சண்டையைப் பாட்டனார் காலத்திலிருந்து தொடங்குவார். அதில் எந்த ஐந்து வரி வழக்கைத் தாங்குகிறது என்று நீதிபதி அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். அதிகம் எழுதினால் வழக்கு நகராது. தேவையானதை விட்டால் மேன்முறையீட்டில் தீர்ப்புத் தள்ளுபடி. மூன்று மொழிக்கு நடுவே உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தவர் ஔவைக்கும் கம்பனுக்கும் குறிப்பெழுத உட்காரும்போது கை வேறு எப்படி ஓடும்?

நூலின் பெயருக்கு வருகிறேன். புளூட்டாக் கிரேக்க நாட்டில் கைரோனியா என்ற சிற்றூரில் கி.பி. முதல் நூற்றாண்டில் பிறந்தவர். கிரேக்கப் பெரியவர் ஒருவர், உரோமப் பெரியவர் ஒருவர் என்று சோடி சோடியாக வாழ்க்கை வரலாறு எழுதியவர். அவர் எழுதியவற்றில் 50 வாழ்க்கை வரலாறுகள் இன்றும் கிடைக்கின்றன. அலெக்சாந்தர் வரலாற்றைத் தொடங்கும்போது தன் நோக்கத்தை அவரே சொல்லியிருக்கிறார்: தான் எழுதுவது சரித்திரமன்று, வாழ்க்கைகள், ஆயிரம் பேர் மடிந்த போரைவிட ஒரு சின்னச் சொல்லிலோ கேலியிலோ ஒருவரின் குணம் தெளிவாகத் தெரிந்துவிடும் என்பது அதன் சாரம். ஐரோப்பியர் மத்தியில் வாழ்க்கை வரலாறு என்றாலே இவர் பெயர்தான் என்றாகிவிட்ட காலத்தில், தமிழுக்கும் அப்படி ஒரு நூல் உண்டு என்று காட்டக் காசிச்செட்டி அந்தப் பெயரை எடுத்தார்.

இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. சுருங்கப் பேசுவதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'லக்கோனிக்' என்ற சொல் லக்கோனியா என்ற நாட்டின் பெயரிலிருந்து வந்தது. அந்த நாட்டின் தலைநகர்தான் ஸ்பாட்டா. ஸ்பாட்டா மக்களின் பேச்சைப் பற்றி இன்று உலகத்துக்குத் தெரிந்த கதைகளில் பெரும்பகுதியை எழுதிவைத்தவர் இதே புளூட்டாக்.

அவர் சொல்லும் விவரங்கள் கூர்மையானவை. ஸ்பாட்டாவில் சிறுவர்கள் கூட்டமாகத் தங்கி வளர்வார்கள். இரவு உணவு முடிந்ததும் மேற்பார்க்கும் மூத்த இளைஞன் ஒருவனைக் கூப்பிட்டு, இந்த ஊரில் நல்லவர் யார், இன்னார் செய்தது சரியா என்று கேட்பான். காரணத்தோடு, சில சொற்களுக்குள் விடை வரவேண்டும். விடை பிழைத்தால் கேட்டவன் பையனின் பெருவிரலைக் கடித்துவிடுவான். சட்டம் வகுத்த லைக்கர்கசு பணத்தை இரும்பால் அடித்து, வண்டிப் பாரமாக்கி, மதிப்பை மட்டும் அற்பமாக வைத்தான். பேச்சில் அதற்கு நேர்மாறாகச் செய்தான். எடை குறைவு, மதிப்பு அதிகம். இந்த ஒப்பு புளூட்டாக்கினுடையது.

மசிடோனியா மன்னன் பிலிப்பு, அலெக்சாந்தரின் தகப்பன், லக்கோனியாவுக்கு ஓலை விட்ட கதையும் அவர் வாயிலாக வந்ததுதான். உங்கள் நாட்டுக்குள் நான் நுழைந்தால் ஒருவரையும் விட்டுவைக்க மாட்டேன் என்பது ஓலை. போன பதிலில் ஒரே ஒரு சொல்: நுழைந்தால். மிரட்டலில் இருந்த நிபந்தனையை மட்டும் கிள்ளி எடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதிலாக ஒரு பக்கம் எழுதியிருந்தால் பிலிப்புக்கு ஒரு பக்கம் பிடித்து ஆராய இடம் கிடைத்திருக்கும்.

ஆனால் 'லக்கோனிக்' என்ற சொல் வழக்கில் கொஞ்சம் முரட்டுத்தனத்தையும் ஏந்தி வருகிறது. பேசப் பிடிக்காதவர், முகங்கொடுக்காதவர் என்ற சாயல் அதில் உண்டு. தமிழில் நாம் இதற்கு வெவ்வேறு பெட்டிகள் வைத்திருக்கிறோம். முகத்தைப் பாராமல் முடித்துவிடுவது வெட்டொன்று துண்டிரண்டு. வேண்டியதைக்கூடச் சொல்லாமல் விடுவது மொட்டையாகச் சொல்வது. பொருள் முழுதாக இருக்கச் சொல் மட்டும் சுண்டியிருந்தால் ரத்தினச் சுருக்கம். புகழேந்தியின் பெயரால் வழங்கும் ஒரு சிறு நூலுக்கே 'இரத்தினச் சுருக்கம்' என்று பெயர். பெண்ணின் அழகைப் பாட எந்த உறுப்புக்கு எந்த உவமை என்று புலவர்களுக்கு எடுத்துக்கொடுக்கும் கைநூல் அது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது நறுக்குத் தெறித்தாற்போல் என்பது. சுருக்கம், தெளிவு, வேகம் மூன்றும் சேர்ந்தால்தான் இதைச் சொல்வார்கள். வழவழவென்று பேசுபவரைப் பார்த்து எவரும் இதைச் சொன்னதில்லை; அதேபோல வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போகிறவரைப் பார்த்தும் சொன்னதில்லை. கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசி உட்கார்ந்தவரை, கடிதத்தில் கேட்டதற்கு மட்டும் மறுமொழி எழுதியவரைச் சொல்வார்கள். நறுக்கு என்றால் வெட்டியெடுத்த துண்டு. ஓலையில் வெட்டி, அவசரச் செய்தி எழுதி, ஆள்வசம் கொடுத்துவிடும் துண்டோலைக்கும் நறுக்கு என்றே பெயர். நீள ஓலையில் புராணம் எழுதலாம். நறுக்கில் செய்தி மட்டும்தான் எழுத முடியும்.

இலக்கணக்காரர்கள் இதில் மிகவும் கறாராக இருந்தார்கள். 13 ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூலுக்குரிய அழகு பத்தையும் குற்றம் பத்தையும் எண்ணிச் சொல்லும்போது, சுருங்கச் சொல்லலை அழகுகளின் முதலிடத்தில் வைத்தார். குன்றக் கூறலைக் குற்றங்களின் முதலிடத்தில் வைத்தார். இரண்டும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். இரண்டிலும் வரி குறைவு. எழுதியவருக்கு எவ்வளவு தெரியும், அதில் எவ்வளவை வைத்தார், எதை விட்டார் என்று பார்த்தால்தான் எது அழகு, எது குற்றம் என்று சொல்ல முடியும்.

காசிச்செட்டியின் குறிப்புகளை இந்தத் தராசில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். ஒரு மாதிரிக்கு இரட்டைப் புலவரை எடுத்துக்கொள்வோம். வழிவழி வந்த செய்தியை அவர் பிடித்த சட்டத்துக்குள் நானே எழுதிப் பார்க்கிறேன்:

இரட்டையர். இளஞ்சூரியர், முதுசூரியர் எனப் பெயர். சோழநாட்டு ஆலந்துறையினர். ஒருவர் முடவர், ஒருவர் குருடர். பார்வையற்றவர் தோளில் நடக்க முடியாதவர் அமர்ந்து வழிகாட்ட, ஊர் ஊராய்ச் சென்றனர். ஒருவர் வெண்பாவின் முன்னிரண்டடியைப் பாட மற்றவர் முடிப்பார். தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா ஆகியவை இவர்கள் செய்தவை.

அவ்வளவுதான். தோளில் ஏறிய காட்சி ஒன்றே அந்த இருவரின் வாழ்க்கையையும் வறுமையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. அந்த அன்பு எப்படிப்பட்டது என்று இதற்கு மேல் ஒரு பத்தி எழுதினால் அதெல்லாம் எழுதுபவரின் சரக்கு. இந்த இடத்தில்தான் காசிச்செட்டி புளூட்டாக்கின் பெயருக்குப் பாத்திரமாகிறார். அலெக்சாந்தருக்குப் புளூட்டாக் ஒரு சொல்லைத் தேடினார் என்றால், இவர் புலவருக்கு ஒரு பாட்டைத் தேடினார். பல குறிப்புகளில் புலவரின் செய்யுள் ஒன்றையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்த்து வைத்தார். வேறெந்த நாட்டுக் கவிஞரகராதியிலும் அது அலங்காரமாக நிற்கும். தமிழ்ப் புலவருக்கோ பாட்டுத்தான் பல நேரங்களில் பிறப்புச் சாட்சிப் பத்திரம். மற்றதெல்லாம் பாட்டைச் சுற்றி முளைத்த கதை.

இப்போது குறையையும் சொல்ல வேண்டும். 1859 இல் சங்கப் பாடல்களில் பெரும்பாலானவை அச்சில் கிடையாது. சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சிட்டது 1887 இல். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889 இலும் புறநானூற்றை 1894 இலும் பதிப்பித்தார். காசிச்செட்டி நூலை முடித்தபோது ஐயருக்கு வயது 4. பாரியோடு வாழ்ந்து பாரி மகளிருக்காக அலைந்த கபிலரை அறிய அன்று வழியே இல்லை. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த கபிலர் ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த எழுவரில் ஒருவர். ஔவைக்கும் வள்ளுவருக்கும் உடன்பிறப்பு. அந்தக் கதைகள் நூலுக்குள் வந்து உட்கார்ந்தன. 1946 இல் கொழும்பில் இரண்டாம் பதிப்பு வந்தபோது தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் குறிப்புகள் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது இதனால்தான். இடைப்பட்ட 87 ஆண்டுகளில் கிடைத்த தமிழ், அதற்கு முந்திய பல நூறு ஆண்டுகள் மறைந்திருந்த தமிழ்.

இதைக் கவனித்தால் ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. அகத்தியர், ஔவை, வள்ளுவர், கம்பர் போன்ற பெரிய பெயர்களுக்குத்தான் காசிச்செட்டி இடத்தை அள்ளிக் கொடுத்தார். கதை நிறையக் கிடைத்தது, எழுதினார். இன்று ஆட்டம் காண்பவை அந்தப் பக்கங்களே. இன்ன ஊர், இன்ன நூல் என்று இரண்டு மூன்று வரியில் விட்ட சிறு புலவர்களின் குறிப்புகளில் திருத்தக் குறைவாகவே இருக்கிறது. தெரிந்தது இவ்வளவு என்ற இடத்தில் அவர் பேனாவை எடுத்துவிட்டார். நீதிபதியின் பழக்கம் அது. சாட்சியில் வராததைத் தீர்ப்பில் எழுதக் கூடாது. மேலோட்டமாகப் பார்க்கிறவர் அந்த இரண்டு வரியைக் குன்றக் கூறல் என்பார். எனக்கு அந்த நூலில் மிகப் பெரிய மரியாதை அந்த இரண்டு வரிகள் மேல்தான். அதிகம் பேர் அறியாத ஒரு புலவனை வரிசையில் நிறுத்தி, இல்லாத பெருமையை ஏற்றாமல், உள்ள ஒரு நூலின் பெயரை மட்டும் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இதைச் செய்ய அடக்கம் வேண்டும். கதை கட்டத் தெரியாதவரில்லை அவர். தம்மன்னா நுவரவின் இடிபாடுகள், பரவர் வரலாறு, தமிழரின் சாதி வழக்கங்கள் என்று விரிவாக எழுதியவர். விரிக்கத் தெரிந்தவர் சுருக்கியது அது.

காசிச்செட்டியின் வடிவம் பிடித்துக்கொண்டது. வட்டுக்கோட்டையில் ஆசிரியராக இருந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதி, 410 புலவர்களைத் தமிழிலேயே வரிசைப்படுத்தினார். 1910 இல் சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வந்தது. அதில் புலவர், புராண மாந்தர், மலை, மருந்து எல்லாம் அகரவரிசைக்குள் அடங்கின. சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரின் 'தமிழ்ப் புலவர் சரித்திரம்' அடுத்து வந்தது. புன்னாலைக்கட்டுவன் கணேசையர் 1939 இல் ஈழத்துப் புலவர்களுக்கென்றே தனி நூல் செய்தார். பாடப்புத்தகத்துக் குறிப்பு இந்த வரிசையின் கடைக்குட்டி.

இந்த வம்சாவளியில் சிலாபம் என்ற பெயர் அநேகமாக அடிபடுவதில்லை. முத்துக்குளிப்புக்குத் தமிழில் சலாபம், சிலாபம் என்று பெயர். மன்னார்ப் பக்கத்துச் சிலாபத்துறைக்கும் இந்தப் பட்டினத்துக்கும் பெயர் அங்கிருந்து வந்தது என்பார்கள். தெதுரு ஓயா கடலில் விழும் இந்தக் கரையில், முன்னேஸ்வரக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு காலத்தில் தெருவெல்லாம் தமிழ் கேட்டது. நீர்கொழும்பிலிருந்து மேலே போகும் கரையோர மீனவக் கிராமங்கள் 20 ஆம் நூற்றாண்டில் பாடசாலை வழியாகவும் தேவாலய வழியாகவும் சிங்களத்துக்கு மாறின. வீட்டில் பாட்டிமார் தமிழ் பேச, பேரப்பிள்ளைகள் சிங்களத்தில் மறுமொழி சொல்லும் வீடுகளை இந்தக் கரையில் இன்றும் காணலாம். தமிழ்ப் புலவர்களை முதன்முதல் வரிசைப்படுத்தியவர் தங்கள் கரையின் பிள்ளை என்பது அந்தப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 'தமிழ் புளூட்டாக்' 1982 இல் புதுதில்லியில் மறுபதிப்பாக வந்தது. தேடினால் அகப்படும்.

இன்னொரு வேலையும் இந்தக் கரையில் பாக்கி கிடக்கிறது. சிலாபத்துக்கு வடக்கே உடப்பு தமிழை விடாமல் வைத்திருக்கும் ஊர். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பெயர் போனது. கரைவலை இழுக்கும்போது அங்கே அம்பாப் பாட்டுப் பாடுவார்கள். முன்னால் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிற்றில் இருக்கும் மற்ற எல்லோரும் சேர்ந்து மறுமொழி பாடுவார்கள். இழுப்பும் பாட்டும் ஒரே தாளத்தில் போகும், மடி கரைக்கு வரும்வரை. பாட்டுகளைச் சிலர் தொகுத்திருக்கிறார்கள். அடியெடுத்துக் கொடுத்தவர்களின் பெயர்தான் வரிசையில் இல்லை. ஒருவர் எந்தச் சம்மாட்டியின் வலையில் நின்றார், எந்தக் காலத்தவர், அவர் கட்டியது என்று ஊர் சொல்லும் பாட்டு எது, அதில் நான்கு அடி. ஓர் ஆளுக்கு ஐந்து வரி போதும். பெயர் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கொப்பியோடு போய் உட்கார ஆள்தான் வேண்டும்.